போ என்றாள், போனான்

பொத்தான் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். பொத்தான் வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. கடைக்காரியைப் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு சட்டை இருக்கும், இல்லையென்றால் மாதிரிக்கு ஒரு பொத்தான் விரலிடுக்கில் இருக்கும். இரண்டாவது வகை வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, "ஊசி இருக்கா?" என்று கேட்கும். ஊசி நூல் விற்கிற கடையில் வந்து ஊசி இருக்கிறதா என்று கேட்கிறவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியாமல் போக, பொத்தான்காரி என்ன நேற்றா கடை திறந்தாள்?

அன்று காலை வந்தவன் இரண்டாவது வகை. முதுகில் பை, முகத்தில் புதுத் தாடி. ஜிப் கட்டுகளைத் தடவினான், லேஸ் உருளையை இழுத்துப் பார்த்தான், கடைசியில் குரலை இறக்கினான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்கதானே அந்த... 'போ என்றாள்'?"

"நான் பொத்தான்காரி. உங்களுக்கு என்ன சைஸ் வேணும்?"

"இல்லம்மா, சும்மாதான். எங்க செட்டுக்கே அந்தக் கவிதைன்னா உசிரு. ஒரு தடவைகூட அழாம கேட்டதில்ல."

"அழுகைன்னா கைக்குட்டை வேணுமே. பூப்போட்டது இருக்கு, கோடு போட்டது இருக்கு. எது எடுக்கட்டும்?"

பையன் நெளிந்துகொண்டே கோடு போட்டதை வாங்கிப் போனான். பக்கத்துக் கடைகளில் தூசி படிந்து கிடக்கும் கைக்குட்டை, இவள் கடையில் மட்டும் ஓடுகிற ரகசியம் இதுதான்.

விஷயம் இது. பொத்தான்காரியின் கணவன் மெத்தைக் கிடங்கில் வேலை பார்த்தவன். ஒரு நாள் கிடங்கு தீப்பிடித்தது. சரக்கு திருட்டுப் போகிறது என்று முதலாளி கேட்டை வெளியில் பூட்டி வைப்பது வழக்கம். அன்றும் பூட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. செத்தவனின் தம்பி அதைக் கவிதையாக்கினான். தெருவெல்லாம் அவனைத் தொண்டை என்று கூப்பிடும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்று கத்திக் கத்திக் கவிதை சொன்னதால் வந்த பட்டம். காவலாளி விரட்டினால் ரயில் நிலையம், அங்கும் விரட்டினால் சந்தை. எந்தப் பதிப்பகமும் அவனைத் தொடவில்லை. "சத்தம் அதிகம், சரக்கு கம்மி" என்று ஒரு பெரிய பதிப்பாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த ரோஷத்தில், யாரோ கழித்துப்போட்ட அச்சு இயந்திரத்தை வாங்கி, டயர் கடை மாடியில் ஏற்றி, தானே பதிப்பாளர் ஆனான். யாரும் அச்சுப்போடாத ஆட்களாகத் தேடித் தேடிப் போட்டான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸின் பாட்டுகள், ஜெயிலில் இருப்பவனின் கடிதங்கள், லாரி ஓட்டுகிறவனின் காதல் புலம்பல். அந்தப் புத்தகங்கள் ஒன்றும் விற்றுத் தீர்ந்ததில்லை. ஆனால் தொண்டைக்கு அவை மரியாதை சம்பாதித்துக் கொடுத்தன.

தன்னுடையதை மட்டும் அவன் அச்சில் ஏற்றியதே இல்லை. "வாயில இருக்கறது வாயிலயே இருக்கட்டும். தாள்ல ஏத்தினா அது பிணம்" என்பான். பேட்டிகளிலும் அதையே சொன்னான். விமானம் ஏறிப் போய் வெளிநாட்டு மேடைகளிலும் அதையே சொன்னான்.

அந்த மேடைகளில் எல்லாம் அண்ணனைப் பற்றிய கவிதைதான் கடைசி. அதில் ஒரு இடத்தில் கிட்டார் நிற்கும். மரப்பெட்டி டிரம்மில் ஒரே ஒரு அடி விழும். தொண்டை கையைத் தூக்கி, "போ என்றாள்!" என்பான். கூட்டம் மொத்தமும், "போனான்!" என்று கூரை அதிரக் கத்தும்.

பொத்தான்காரி அப்படிச் சொல்லவே இல்லை.

ஆரம்பத்தில் அவள் கண்டுகொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் கத்துகிற கத்தல்தானே, பஸ் கிளம்பினால் போய்விடும் என்று இருந்துவிட்டாள். அது போகவில்லை. மாமியார் காதுக்கு வந்தது. பெற்ற மகன் சொல்லும்போது மருமகள் பேச்சு எடுபடுமா? அந்த அம்மாள் கண்மூடும்வரை இவள் முகத்தைப் பார்த்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. வாடகை வாங்க வரும் வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரர் பாவம்" என்பதை ஒரு தினுசாக இழுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் பொத்தான்காரி தொண்டையிடமே கேட்டும்விட்டாள். அவன் அசடு வழிந்தான். "தாளத்துக்குப் போட்டது அண்ணி. அந்த இடத்துல சின்னதா ரெண்டு வார்த்தை தேவைப்பட்டுது. யாரு அதை நிஜம்னு எடுத்துக்கப் போறா?"

அதற்கு மேல் சண்டை போடவும் வழியில்லை. ஆள் கெட்டவன் என்றால் கதவைச் சாத்திவிடலாம். இவன் அண்ணன் போன பிறகு மாதம் தவறாமல் வீட்டுச் சாமான் கொண்டுவந்து இறக்கியவன், குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தவன். மகளுக்குத் தாளம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். இப்போது அந்த மரப்பெட்டி டிரம்மில் உட்கார்ந்து தட்டுவது மகள். அந்த ஒற்றை அடி அவளுடைய அடி. அப்பாவின் முகத்தைப் போட்டோவில் பார்ப்பதற்கு முன்பே, அம்மா அவரை என்ன சொல்லி அனுப்பினாள் என்பதை அவள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

போன மாதம் டாக்டர் தொண்டையின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் இரண்டிலும் முடிச்சு. அறுத்தால் குரல் மிஞ்சுமோ மிஞ்சாதோ, அறுக்காவிட்டால் அதுவாகவே போகும் என்றார். வாயில் இருப்பது வாயிலேயே இருக்கட்டும் என்றவன் அந்த வாரமே கவிதைகளை எழுதி எடுத்தான். முதல் புத்தகம், அதற்கு ஒரு வெளியீட்டு விழா, அதோடு கடைசி நிகழ்ச்சி.

கைக்குட்டைக்காரன் போன பிறகு பொத்தான்காரி கடையை இழுத்துச் சாத்தினாள். பேரத்துக்குப் போகிறவள் எப்போதும் செய்வதுபோல முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவசரம் முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும்.

டயர் கடை மாடிப்படி ரப்பர் நாற்றத்தில் தொடங்கி மை நாற்றத்தில் முடியும். மேலே இரண்டு அறை. முன்னறையில் கட்டுக்கட்டாகப் பழைய புத்தகங்கள், சுவரில் கிட்டார். பின்னறையில் இயந்திரம். மகள் தரையில் சம்மணமிட்டு, அச்சான தாள்களை எலும்புத் துண்டால் அழுத்தி மடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை உருளையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பேசும்போது இப்போதெல்லாம் பாதிச் சொல்லில் குரல் உடைந்து காற்றாகிவிடும்.

"வாங்க அண்ணி! மாடி ஏறி வந்திருக்கீங்க. டயர் வாங்க வந்து வழி தவறிட்டீங்களா?"

"வழியெல்லாம் தெரிஞ்சுதான் வந்தேன் தம்பி. சரக்கு பார்க்கலாம்னு."

"பார்க்க என்ன இருக்கு, நாளைக்குப் புத்தகமே கையில வந்துடும்."

"நாளைக்குப் பார்த்து என்ன செய்ய? துணியை வெட்டறதுக்கு முன்னாடிதான் அளவு பார்க்கணும்."

மகள் தலை நிமிராமல், "ஆரம்பிச்சுட்டா" என்றாள்.

"நீ மடி. இது பெரியவங்க வியாபாரம்." பொத்தான்காரி காகிதக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "அந்தக் கவிதை அச்சாயிடுச்சா?"

"எந்தக் கவிதை?"

"மேடைல நடி தம்பி, டிக்கெட் வாங்கிட்டுப் பார்க்கறான். எங்கிட்ட எதுக்கு ஓசியில நடிக்கற?"

தொண்டை துணியைக் கீழே வைத்தான். "கடைசி ஃபாரம் அது, கடைசிப் பதினாறு பக்கம். பிளேட் தயாரா இருக்கு. சாயங்காலம் ஓட்டணும்."

"அந்த வரியை எடுத்துடு."

"அண்ணி..."

"வாயால சொன்னப்போ நான் பொறுத்துக்கிட்டேன். காத்துல போயிடும்னு இருந்தேன். அச்சுல ஏறினா போகாது. நாளைக்கு இவளுக்கு ஒரு குழந்தை பொறக்கும், அது எழுத்துக் கூட்டிப் படிக்கும், பாட்டி தாத்தாவைப் போன்னு அனுப்பிச்சுக் கொன்னான்னு."

"கொன்னீங்கன்னு எங்கே இருக்கு?"

"பொட்டலம்தானே நீ கட்டிக் கொடுத்தே. உள்ள என்ன இருக்குன்னு அவங்களே பிரிச்சுப் பார்த்துக்கறாங்க."

"அதை எடுத்தா கவிதை நிக்காது. கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி அது."

"ஏன், கேட்டைப் பூட்டினவனைப் பத்தி ஒரு வரி இருக்கே. அதை நடுக்கம்பா வை. அந்த வரியை எவனாவது கத்தறானா?"

தொண்டை துணியை எடுத்து மறுபடி உருளையைத் துடைத்தான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனவன் என்று அந்த வரி ஓடும். கூட்டம் அந்த இடத்தில் சும்மா இருக்கும், சில பேர் இருமிக்கொள்வார்கள்.

"அது நீளமான வரி அண்ணி" என்றான் கடைசியில். "வாயில நிக்காது."

"அதான் பார்த்தேன். பூட்டினவன் நீளமா இருந்தான், தப்பிச்சான். நான் சின்னதா இருந்தேன், மாட்டிக்கிட்டேன்."

தரையில் தாள் மடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

பொத்தான்காரி கொஞ்சம் இறங்கினாள். ஒரே விலையில் நிற்கிறவள் வியாபாரம் செய்ய முடியாது. "சரி, எடுக்க வேணாம், மாத்து. 'இரு என்றாள், போனான்'னு வை. நீட்டம் ஒண்ணுதானே? நானும் அளந்து விக்கறவதான்."

தொண்டை அறியாமலே தொடையில் தட்டினான், உதடுகளை அசைத்துப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு நொடி ஆசை வந்து போனதை அவள் பார்த்தாள். "உட்காருது" என்றான். "அச்சா உட்காருது. ஆனா யாரும் அழமாட்டாங்க. இருன்னு சொல்லியும் போனான்னா அவன் பிடிவாதக்காரன், அவ்வளவுதான். தப்பு யார் தலையிலயாவது விழுந்தாதான் அழுகை வரும் அண்ணி."

"அதுக்கு என் தலைதான் கைக்கு எட்டிச்சா?"

"எழுதினப்போ எனக்கு இருபது வயசு. எனக்கு அண்ணன் இல்லை, கையில கிட்டார் இருந்துது. யோசிக்கலை."

"இப்போ யோசி. அப்புறம் இன்னொண்ணும் சொல்லிடறேன். இருன்னும் நான் சொல்லலை. பேரத்துக்குச் சொன்னேன்."

மகள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "அப்போ என்னதாம்மா சொன்னே?"

"பத்து வயசுல கேட்டே. சொன்னேன். 'சித்தப்பா வேற மாதிரி சொல்றாரே'ன்னுட்டு விளையாடப் போயிட்டே."

"எனக்கு ஞாபகம் இல்லை. இப்போ சொல்லு."

பொத்தான்காரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். விற்க நினைக்காத ஒன்றை எடுத்து மேசையில் வைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. "ஒண்ணுமே சொல்லலை. நான் வீட்லயே இல்லை. உனக்குக் காய்ச்சல். விடியறதுக்குள்ள உன்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன், லேட்டானா வரிசை வாசல் தாண்டிடும். அவர் தூங்கிட்டிருந்தார். போர்வைக்கு வெளியே ஒரு கால் கிடந்துது. மூடிவிடலாமான்னு நினைச்சேன். எழுந்துடுவாரேன்னு விட்டுட்டேன். அவ்வளவுதான். அவர் எழுந்து வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கார். போன்னு யாரும் சொல்லலை. இருன்னும் யாரும் சொல்லலை."

மகள் எலும்புத் துண்டைத் தாளின் மேல் வைத்தாள்.

"அப்போ எனக்குக் காய்ச்சல்னுதான் நீ..." என்று மகள் தொடங்கினாள்.

"காய்ச்சல் யாரையும் கிடங்குக்குள்ள வச்சுப் பூட்டலைடி. அந்தப் பக்கம் போகாதே."

தொண்டை எழுந்தான். அலமாரியிலிருந்து ஒரு குப்பியையும் சின்னத் தூரிகையையும் எடுத்தான். தயாரான பிளேட்டில் பிழை இருந்தால் அழிப்பதற்கென்று ஒரு திரவம் உண்டு. தொட்டு வைத்தால் அந்த இடம் மை பிடிக்காது. பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வரியின் மேல் தூரிகையை ஒரு தடவை இழுத்தான். தண்ணீர் தெளித்துத் துடைத்தான். வரி போய்விட்டது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் வெற்றிடம்.

"புது பிளேட் போட்டு வரிகளைச் சேர்க்க நேரம் இல்லை. இடைவெளியா இருக்கட்டும்" என்றான். "மேடையிலயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. ஆனா ஒண்ணு, நீங்க வரணும். முன்வரிசைல உட்காரணும்."

"நான் எதுக்கு?"

"எத்தனை நாட்டு மேடைல பேசியிருக்கேன், நீங்க ஒண்ணுக்கும் வந்ததில்லையே அண்ணி. குரல் போறதுக்குள்ள ஒரு தடவை."

இது அவள் எதிர்பார்த்த விலையைவிடக் குறைவு. குறைவாகக் கேட்கிறவனிடம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆனாலும் அவள், "சரி" என்று எழுந்தாள். இவ்வளவு சுலபமாக முடிந்த பேரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. படி இறங்கும்போது பின்னால் மகள் தாளை மடிக்கும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது, முன்பைவிட மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தொழிற்சங்கத்துக் கூடம். இரும்பு நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்று, வாசலிலும் தலைகள். வந்தவர்களில் பாதிப் பேர் சின்னப் பசங்க. கிடங்கு எரிந்தபோது பிறந்தே இருக்காதவர்கள். நர்ஸ் வந்திருந்தாள், லாரிக்காரன் தோய்த்த சட்டை போட்டு வந்திருந்தான். வாசல் மேசையில் புதுப் புத்தகம் அடுக்கடுக்காக. கைக்குட்டை வாங்கிய புதுத் தாடியும் இருந்தான். பொத்தான்காரியைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடித்தான்.

தொண்டை மேடைக்கு வந்தபோது கூடம் எழுந்து நின்றது. அவனுக்கு நாற்காலி, மைக், கிட்டார். கொஞ்சம் தள்ளி மரப்பெட்டியின் மேல் மகள்.

அவன் நன்றாகச் செய்வான் என்று பொத்தான்காரி கேள்விப்பட்டிருந்தாள். இவ்வளவு நன்றாகச் செய்வான் என்று நினைத்திருக்கவில்லை. குரல் உடைகிற இடங்களை அவன் ஒளிக்கவில்லை. உடைவதையே ஒரு வாத்தியம்போல வாசித்தான். நர்ஸின் பாட்டு ஒன்றைச் சொன்னான், ஜெயில்காரனின் கடிதம் ஒன்றைச் சொன்னான். தன்னை மறந்து அவளும் கைதட்டினாள். நல்ல சரக்கு நல்ல சரக்குதான், விற்கிறவனோடு ஆயிரம் மனஸ்தாபம் இருக்கட்டும்.

பிறகு அண்ணனின் கவிதை. மெத்தைக்குப் பஞ்சு அடைப்பவனின் தலையில் ஒட்டிய பஞ்சைப் பற்றி ஒரு வரி வந்தது. அவளே மறந்துபோன விஷயம் அது. சாயங்காலம் வாசலில் நின்று தலையைத் தட்டிவிட்டு உள்ளே வருவான். இவனுக்கு அது நினைவிருந்திருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்தது. அந்த இடம் நெருங்கியது. தொண்டை அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கிட்டாரை நிறுத்தினான். வாயை மூடிக்கொண்டான்.

மரப்பெட்டியில் ஒரு அடி விழுந்தது.

வார்த்தையை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். பிளேட்டில் அழித்தார்கள், மேடையிலும் சொல்லாமல் விட்டாயிற்று. அந்த அடியை எடுக்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் விழுந்து பழகிய கை, கிட்டார் நின்றதும் விழுந்துவிட்டது.

அடி விழுந்தது, கூடம் கத்தியது.

"போ என்றாள்! போனான்!"

அவன் சொல்லியிருந்தால்கூட பாதியைத்தான் கூட்டம் கத்தியிருக்கும். அவன் விட்டதால் முழுவதையும் கத்தியது. பொத்தான்காரி மகளைப் பார்த்தாள். மகள் தன் கையை யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உதடும் அசைந்திருந்தது. கூட்டத்தோடு சேர்ந்து, கூட்டத்துக்கு ஒரு இமைப்பொழுது முன்னால்.

தொண்டை கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினான். "இல்லை" என்றான் மைக்கில். "அவள் சொல்லவில்லை."

கூடம் அமைதியானது.

"கேளுங்க. அவள் சொல்லவில்லை. அவள் அங்கே இல்லை. நான்தான் சொன்னேன், அவள் சொல்லவில்லை."

பாவம், சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தான். ஆனால் மைக்கின் முன்னால் சாதாரணமாகப் பேசி அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது தடவை சொன்னபோது சொற்கள் தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டன. பின்வரிசையில் யாரோ அதற்குத் தாளமாகக் கைதட்டினார்கள். சுவரோரம் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அவள் சொல்லவில்லை! அவள் சொல்லவில்லை!" இந்தப் பக்கத்து நாற்காலிகள் விட்டுக்கொடுக்குமா? "போ என்றாள்! போனான்!" என்று திருப்பிக் கொடுத்தன. அந்தப் பக்கம் ஒரு கத்தல், இந்தப் பக்கம் ஒரு கத்தல். பந்தாட்ட மைதானம்போல ஆகிவிட்டது. லாரிக்காரன் 'சொல்லவில்லை' கட்சி. நர்ஸ், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, 'போ என்றாள்' கட்சி.

பொத்தான்காரி தொண்டையின் முகத்தைப் பார்த்தாள். முதலில் அதில் ஈயாடவில்லை. பிறகு அவன் காது கூர்மையாவது தெரிந்தது. இரண்டு கத்தலும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பூட்டிக்கொள்கின்றன என்று கேட்டான். அவன் கை, கிட்டாருக்குப் போனது. கம்பியைத் தட்டினான். ஒரு கையால் இந்தப் பக்கத்தை எழுப்பினான், மறு கையால் அந்தப் பக்கத்தை அடக்கினான், திரும்ப எழுப்பினான். மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். மகள் தட்டத் தொடங்கினாள்.

பொய் சொன்னேன் என்று அவன் ஒப்புக்கொண்டதை அவன் சொன்னதிலேயே நல்ல கவிதை என்று எடுத்துக்கொண்டு, கூடம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

புத்தக மேசையில் நெரிசல். கிடைத்தவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். நடுவில் வெற்றிடத்தைக் கண்டதும், "ஆகா, நம்மையே நிரப்பச் சொல்றார்" என்றான் ஒருவன். ஆளாளுக்குப் பேனாவை எடுத்தார்கள். நாற்காலி முதுகில் வைத்து, சுவரில் வைத்து, ஒருத்தன் குனிந்து கொடுத்த முதுகில் வைத்து, எழுதினார்கள்.

புதுத் தாடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொத்தான்காரியிடம் வந்தான். புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினான். "அம்மா, உங்க கையாலயே அந்த வரியை எழுதிக் கொடுத்தா நான் காலத்துக்கும் வச்சிருப்பேன்."

அவள் பேனாவை வாங்கினாள். கடைப் பெயர் எழுதுவதுபோல அடித்தல் திருத்தல் இல்லாமல், 'நான் வீட்டில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

பையன் படித்தான். முகம் விழுந்தது. பிறகு நல்ல பையன்போலச் சிரித்தான். "அருமைம்மா. ஆனா அந்த வரி..."

"இருக்கறது இதுதான் தம்பி. வேற ஸ்டாக் இல்லை."

அவன் நன்றி சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போனான். மரப்பெட்டிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த மகளிடம் அதே பக்கத்தைக் காட்டி ஏதோ கேட்டான். மகள் அம்மா எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் எழுதாமல் புத்தகத்தை மூடி அவனிடம் கொடுத்துவிட்டாள்.

தொண்டை மேசையருகில் ஆட்களுக்கு நடுவே நின்றிருந்தான். குரல் முழுதாகப் போயிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் கைகூப்பினான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டானா, எப்படி இருந்தது என்று கேட்டானா, தெரியவில்லை. கண் என்னவோ பளபளவென்று இருந்தது. நல்ல வியாபாரம் நடந்த நாளில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவனின் கண். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மரப்பெட்டி மகளின் முழங்கால்களுக்கு நடுவில். வெளியே கடைகள் ஞாயிற்றுக்கிழமைக்குச் சாத்திக் கிடந்தன.

"கை தானா விழுந்துடுச்சும்மா" என்றாள் மகள்.

"தெரியும்."

"நான் வேணும்னு அடிக்கலை."

"தெரியும்டி."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மகள் பெட்டியின் உறையில் பிரிந்திருந்த நூலை இழுத்து இழுத்துச் சுருட்டினாள்.

"அம்மா."

"என்ன?"

"நிஜமாவே நீ போன்னு சொல்லலையா? கோவிச்சுக்காம சொல்லு. சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எல்லா வீட்லயும் சொல்றதுதானே, நேரமாச்சு போங்கன்னு. அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

பொத்தான்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது ஒரு குழந்தை. அப்பாவை அம்மா அனுப்பினாள் என்றால் அதை மன்னித்துவிட்டுத் தூங்கலாம். தன் காய்ச்சல் அனுப்பியது என்றால் தூங்க முடியாது. தனக்குப் பொருந்துகிற சட்டைக்கு அவள் பொத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பொத்தான் கிடைத்துவிடும். அந்த ஒரு நிமிடம் அவள் நாக்கு நுனிவரை அது வந்தது.

"சொல்லலை" என்றாள்.

"சரி" என்றாள் மகள்.

அந்தச் சரியை அவள் கடையில் நிறையக் கேட்டிருக்கிறாள். விலையைக் கேட்டுவிட்டு, பொருளை வைத்த இடத்திலேயே பதமாகத் திருப்பி வைத்துவிட்டு, முகம் கோணாமல் சொல்லப்படும் சரி. இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அதற்குப் பொருள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.